நெடுந்தூரம் கற்பிக்கும் நிதானம்

புணே நகரின் கிழக்கே உள்ள ஹடப்சர், இன்று மென்பொருள் வளாகங்களாலும் தொழிற்பேட்டையாலும் அறியப்படும் பகுதி. ஆயினும் ஆண்டுக்கு ஒரு நாள் அதன் சாலைகள் நடப்பவர்களுக்கே உரியனவாகின்றன. ஆளந்தியிலிருந்து வரும் ஞானேஸ்வரர் பல்லக்கும், தேஹூவிலிருந்து வரும் துக்காராம் பல்லக்கும் புணேயில் தங்கிய பின் ஹடப்சர் வரை வந்து, இங்கே வழி பிரிகின்றன. முன்னது திவே மலைக்கணவாய் ஏறிச் சாஸ்வடுக்குச் செல்கிறது. பின்னது சோலாப்பூர் சாலையில் லோணி காள்போர் நோக்கிச் செல்கிறது. ஆஷாட ஏகாதசிக்குள் பண்டரிபுரத்தை அடைய ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடப்பவர்களுள் பெரும்பாலோர் உழவர்கள். அறுபதைக் கடந்தவர்களும் பலர்.

இது வழிபாடு, விளையாட்டுப் போட்டி அன்று. எனினும், நெடுந்தூர விளையாட்டுகள் கற்பிக்கும் ஒழுங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி அரிது. பயிற்சியாளர் எவருமின்றி, முதியவர்களும் இத்தொலைவைக் கடக்க முடிவது எவ்வாறு?

விடை அவர்களுடைய நாள்முறையில் உள்ளது. நடப்பவர்கள் ‘திண்டி’ எனப்படும் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தனக்குரிய வரிசையில் செல்கிறது. காலை உணவு, நண்பகல் உணவு, இடையே இளைப்பாறுதல், இரவுத் தங்கல் ஆகிய யாவும் முன்னரே வகுக்கப்பட்டவை. வலிமை மிக்கவர் முந்திச் செல்வதில்லை; அனைவராலும் தாங்கக்கூடிய வேகமே குழுவின் வேகம். புணேயிலிருந்து சாஸ்வட் வரையுள்ள நெடிய மலைவழி நாளுக்குப் பின், ஞானேஸ்வரர் பல்லக்கு வழக்கமாக அங்கே கூடுதலாக ஒரு நாள் தங்குகிறது. ஓய்வு, களைத்தபின் கேட்டுப் பெறும் சலுகையாக அன்றி, திட்டத்தின் ஒரு பகுதியாகவே அமைந்துள்ளது.

தொடக்கமே சோதனை

மன உறுதி என்றதும், இறுதிக் கட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் வீரரே நம் நினைவுக்கு வருகிறார். உண்மையில், நெடுந்தூர ஓட்டத்தில் ஒழுங்கு சோதிக்கப்படுவது தொடக்கத்தில்தான். உடலில் வலிமை நிறைந்திருக்கும்போது வேகத்தை அடக்குவதே கடினம்.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1 கிலோ கலோரி ஆற்றல் செலவாகிறது. அவ்வாறெனில், 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் மாரத்தானை முடிக்க ஏறத்தாழ 2,500 கிலோ கலோரி தேவை. தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்தோ ஏறக்குறைய 2,000 கிலோ கலோரி அளவினதே. எஞ்சியதைக் கொழுப்பு ஈடுசெய்ய வேண்டும். ஆனால் வேகம் கூடக்கூட, உடல் மாவுச்சத்தையே மிகுதியாகச் செலவிடுகிறது. முதல் 10 கிலோமீட்டரை உற்சாகத்தில் விரைந்து ஓடியவர், 30 கிலோமீட்டருக்குப் பின் கால்கள் நகர மறுத்து நிற்பது இதனால்தான்.

உலகின் தலைசிறந்த ஓட்டங்களும் இதையே மெய்ப்பிக்கின்றன. 2018இல் பெர்லினில் எலியுட் கிப்சோகே உலகச் சாதனை படைத்தபோது, முதற்பாதியை 61 நிமிடம் 6 விநாடியிலும், இரண்டாம் பாதியை 60 நிமிடம் 33 விநாடியிலும் ஓடினார். 2023இல் சிகாகோவில் புதிய உலகச் சாதனை படைத்த கெல்வின் கிப்டமும் இரண்டாம் பாதியையே விரைவாக ஓடினார். இருவரும் தொடக்கத்தில் தம் ஆற்றலைக் காத்து வைத்தவர்கள்.

சிறிது சிறிதாக

நெடுந்தூரம் கற்பிக்கும் இரண்டாம் பாடம், வளர்ச்சியின் அளவு பற்றியது. இதற்கு மகாராஷ்டிரத்திலேயே சிறந்த சான்று உண்டு. பீட் மாவட்டத்து மாண்ட்வா கிராமத்தில் பிறந்து, இராணுவத்தில் சேர்ந்த பின்னரே ஓட்டப் பயிற்சியில் முழுமையாக இறங்கியவர் அவினாஷ் சாப்ளே. அவருடைய போட்டி 3,000 மீட்டர் தடை ஓட்டம். 28 தடைகளையும் 7 நீர்த் தாண்டல்களையும் அதில் கடக்க வேண்டும்.

2018இல் 8 நிமிடம் 29.80 விநாடியில் ஓடி, 1981 முதல் நிலைத்திருந்த கோபால் சைனியின் தேசியச் சாதனையை அவர் முறியடித்தார். அடுத்த மேம்பாடு ஒரு விநாடிக்கும் குறைவு: 2019 மார்ச்சில் 8:28.94. பின்னர் தோகா, டோக்கியோ, ரபாத் எனப் படிப்படியாக நேரம் குறைந்தது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 8:11.20 நேரத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார், தங்கம் 0.05 விநாடியில் கைநழுவியது. 2024 ஜூலையில் பாரிசில் 8:09.91 நேரத்தில் ஓடினார். ஆறு ஆண்டுகளில் பத்துச் சாதனைகள். மொத்தத்தில் குறைந்தது 20 விநாடிக்கும் சற்றுக் குறைவே. ஒவ்வொரு படியும் சிறிது. படிகள் நின்றுவிடாமையே சிறப்பு.

பணியிலும் வாழ்விலும்

ஓடுபவர் அனைவரும் பணத்திலும் பணியிலும் ஒழுங்குடையவர் ஆகிவிடுவார் எனக் கூற இயலாது. விடியற்காலையில் தவறாது ஓடிவிட்டு, கடன் அட்டைத் தவணையைத் தவறவிடுபவரும் இருக்கலாம். களத்தில் கற்ற ஒழுங்கு தானாக வீட்டுக்குள் வந்துவிடாது. அதன் விதிகளை அறிந்து, நாமே இடம் மாற்றி நட வேண்டும்.

முதல் விதி, வலிமை நிறைந்திருக்கும்போதே அடக்கம். மாதச் சம்பளம் வந்த முதல் வாரம், மாரத்தானின் முதல் 10 கிலோமீட்டரை ஒத்தது. அப்போது விரைந்து செலவிட்டவர் மாத இறுதியில் திணறுகிறார். சம்பள நாளன்றே சேமிப்புத் தொகை தனிக் கணக்குக்குச் செல்லுமாறு நிலையான அறிவுறுத்தல் அளித்துவிட்டால், அடக்கத்தை ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, தாங்கக்கூடிய வேகம். மாதம் 5,000 ரூபாய் வீதம் பத்து ஆண்டுகள் தொடர் வைப்பில் செலுத்தினால், 120 தவணைகளில் அசல் மட்டுமே 6 இலட்சம் ரூபாய். வட்டி அதற்கு மேல். 15,000 ரூபாயில் தொடங்கி, எட்டாம் மாதத்தில் நிறுத்திவிட்டவரிடம் இருப்பது 1,20,000 ரூபாய். குழுவின் வேகம் அனைவரும் தாங்கக்கூடியதாய் இருப்பதுபோல், குடும்பத்தின் சேமிப்பும் பள்ளிக் கட்டணம் வரும் மாதத்தையும் தாங்கக்கூடியதாய் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வகுக்கப்பட்ட ஓய்வு. பயிற்சியால் களைத்த தசை வலுப்பெறுவது ஓய்வின்போதுதான். அலுவலகத்தில் கடினமான பணி முடிந்ததும் அடுத்ததற்குப் பாய்வதைக் காட்டிலும், விடுப்பை முன்கூட்டியே திட்டத்தில் குறித்து வைப்பது நலம். அவசரகால நிதியும் ஒருவகை ஓய்வே: வருவாய் தடைப்பட்டால் மூச்சு வாங்க அது இடம் தருகிறது.

நான்காவது, பதிவு. நெடுந்தூர ஓட்டக்காரர் தொலைவு, நேரம், உறக்கம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைக்கிறார். குறிப்பேடு புகழ்வதுமில்லை, பழிப்பதுமில்லை, உள்ளதைக் காட்டுகிறது. வரவு செலவுக் கணக்கின் பயனும் அதுவே.

புதிதாகத் தொடங்க விரும்புவோர், குறிப்பாக நாற்பதைக் கடந்தவர்களும் இதய நோய், நீரிழிவு உடையவர்களும், முதலில் மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் வேண்டும். பின்னர், வாரம் நான்கு நாட்கள், அரை மணி நேரம், பேச்சுத் தடைப்படாத வேகத்தில் நடந்தாலே போதும். தொலைவைப் பின்னர் கூட்டலாம். முதல் மாதத்தில் காக்க வேண்டியது, குறித்த நேரத்தில் வாயிற்படியைத் தாண்டும் வழக்கம் ஒன்றையே.