கணினி கேள்வி–பதில்: மதகுக்கு ஒரு லஸ்கர் போதும்

கேள்வி: மேக் கணினியில் டி.டி.பி. வேலை செய்கிறோம். ‘ஆக்டிவிட்டி மானிட்டர்’ திறந்தால் ‘கான்ஃபிக்டி’ என்று ஒன்று ‘ரூட்’ பெயரில் எந்நேரமும் ஓடுகிறது. நாங்கள் யாரும் அதைப் போடவில்லை. வைரஸா? நிறுத்திவிடலாமா?
– அச்சக உரிமையாளர், நெரவி

பதில்: வைரஸ் இல்லை, நிறுத்தவும் வேண்டாம். பெயரின் கடைசியில் நிற்கும் ‘டி’ யுனிக்ஸ் வழக்கில் ‘டீமன்’, அதாவது திரைக்குப் பின்னால் ஓடும் சேவை. கேபிள் செருகியிருக்கிறதா, வைஃபை கிடைத்ததா, எந்த ஐ.பி. எண் வந்தது, டி.என்.எஸ். எது, பிராக்ஸி உண்டா என்ற நிலவரம் முழுவதையும் ஒரே பதிவேடாக வைத்திருப்பது இதுதான். பிரவுசரும் மெயிலும் அந்தப் பதிவேட்டை நம்பித்தான் நடக்கின்றன. வலுக்கட்டாயமாக நிறுத்தினாலும், சேவைகளைக் கிளப்பிவிடும் ‘லாஞ்ச்டி’ அதை மறுபடி கிளப்பிவிடும். இடையில் உங்கள் இணைப்புதான் தடுமாறும். அசல் கான்ஃபிக்டி இருக்கும் இடம் ‘யூ.எஸ்.ஆர்.’ கோப்புறைக்குள் ‘லிப்எக்ஸெக்’. வேறெங்காவது இருந்து அதே பெயரில் ஒன்று ஓடினால் மட்டும் சந்தேகப்படுங்கள். மணிக்கணக்கில் சி.பி.யூ.வை அது தின்கிறது என்றால், இணைப்பு விட்டு விட்டு வருகிறதா, புதிதாகப் போட்ட வி.பி.என். அதைத் தொந்தரவு செய்கிறதா என்று பாருங்கள். கேபிள் முனையைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது முதல் வேலை.

கேள்வி: விண்டோஸில் ‘டி.எச்.சி.பி. கிளையன்ட்’ சேவையை நிறுத்தினால் வேகம் கூடும் என்கிறார்களே?
– கல்லூரி மாணவர், கோட்டுச்சேரி

பதில்: கூடாது. இன்றே திரும்ப இயக்குங்கள்.

கேள்வி: லினக்ஸில் ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பில் எனக்குப் பிடித்த டி.என்.எஸ். முகவரியை எழுதி வைக்கிறேன். மறுநாள் காணோம். ‘சேட்டர்’ கட்டளையால் கோப்பைப் பூட்டிவிடு என்று வீடியோவில் சொல்கிறார்கள். சரியா?
– கணக்காளர், திருமலைராயன்பட்டினம்

பதில்: தவறு. இந்த ஒரு தவறு எத்தனையோ அலுவலகங்களை முடக்குவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் கோப்பைத் திறந்தவுடன் முதல் வரியைப் படித்தீர்களா? ‘நெட்வொர்க்மேனேஜர் உருவாக்கியது’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மேக்கிலும் இதே கோப்பு உண்டு. பெரும்பாலான நிரல்கள் இதைப் பார்ப்பதே இல்லை, இது தானாக உருவாக்கப்படுவது என்று அங்கேயும் தலையிலேயே எழுதியிருக்கிறது. கோப்பு உங்களை எச்சரித்துவிட்டது. அது மூலம் இல்லை, நகல். நகலில் திருத்தி என்ன பயன்? மூலம் நெட்வொர்க்மேனேஜர் சேவையிடம் இருக்கிறது. அடுத்த முறை இணைப்பு வந்ததும் அது புதிய நகல் எடுக்கும்.

கோப்பைக் கையால் எழுதிய காலம் ஒன்று இருந்தது. கணினி மேசையை விட்டு நகராது, எண் மாறாது. ஒருமுறை எழுதினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். 1993-இல், எண்ணைத் தானாகக் கொடுக்கும் டி.எச்.சி.பி. நெறிமுறை வந்து, 1997-இல் இன்றைய வடிவத்தை எடுத்தது. அதன்பின் ஐ.பி. எண் குத்தகைப் பொருளாகிவிட்டது. 24 மணி நேரக் குத்தகை என்றால் வழக்கமாக 12-ஆவது மணியில் கணினி தானே புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் 21-ஆவது மணியில் கண்ணில் படும் எந்த சர்வரிடமும் கேட்கும். இதற்கு நடுவே அலுவலகக் கேபிள், வீட்டு வைஃபை, செல்போன் ஹாட்ஸ்பாட், வி.பி.என். என்று நான்கு வழிகள் வந்து போகின்றன. ஒவ்வொன்றும் தன் டி.என்.எஸ்.ஸைச் சொல்லும். எது இப்போது செல்லும் என்று யாரோ ஒருவர் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் 2004-இல் ரெட்ஹேட் நிறுவனம் நெட்வொர்க்மேனேஜரைத் தொடங்கியது.

காவிரிக் கடைமடையில் இருக்கும் நமக்கு இது புதிதில்லை. வாய்க்கால் மதகின் ஷட்டரை லஸ்கர் ஏற்றி இறக்குகிறார். மேலே எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறார்கள், இன்று யார் முறை என்பது அவருக்குத் தெரியும். ராத்திரியில் யாராவது ஷட்டரைத் தூக்கிவிட்டால் காலையில் அவர் இறக்கிவிடுவார். உங்கள் முகவரி மறுநாள் காணாமல் போவது அப்படித்தான். ‘சேட்டர்’ போட்டுப் பூட்டுவது ஷட்டருக்கே வெல்டிங் வைப்பது. இன்றைக்குச் சௌகரியமாக இருக்கும். வெள்ளம் வரும் நாளில் வடிய வழி இருக்காது. பூட்டிய கணினியை அலுவலக வி.பி.என்.னில் சேர்த்தால் உள் சர்வரின் பெயர் கிடைக்காது. ரயில் நிலைய வைஃபையில் உள்நுழையும் பக்கம் வராமல் போகக்கூடும். பூட்டியது ஆறு மாதத்தில் மறந்துபோகும். பழி இணைய நிறுவனத்தின் மேல் விழும்.

‘என் கணினி, என் இஷ்டம் இல்லையா?’ என்பீர்கள். முழுக்க உங்கள் இஷ்டம்தான். அதை உரிய இடத்தில் சொல்லுங்கள். இணைப்பின் அமைப்பில் ஐ.பி.வி.4 பக்கத்தில் டி.என்.எஸ். ‘தானியங்கி’ என்பதை அணைத்து, உங்கள் முகவரியை அங்கே எழுதினால் எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் நிற்கும். ‘சர்வருக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்பவர்களும் உண்டு. நியாயம்தான். இடம் மாறாத சர்வரைக் கையாலேயே நடத்தலாம். ஆனால் அந்த இணைப்பை நெட்வொர்க்மேனேஜரின் பொறுப்பிலிருந்து முறைப்படி நீக்கிவிட்டு நடத்துங்கள். ஒரு மதகுக்கு இரண்டு பேர் கூடாது.

‘சேவையே தப்பு செய்தால்?’ என்பது இவற்றில் கனமான கேள்வி. செய்யும். 2014-இல் மேக் யோசமிட்டியில், பெயர்களைத் தேடித்தரும் ‘எம்.டி.என்.எஸ். ரெஸ்பாண்டர்’ சேவையை எடுத்துவிட்டு ‘டிஸ்கவரிடி’ என்ற புதியதை ஆப்பிள் வைத்தது. பலருக்கு இணைப்புத் தொல்லைகள். 2015 ஜூனில் வந்த 10.10.4 பதிப்பில் பழைய சேவையே திரும்பியது. திறமை போதாத ஆளை மாற்றினார்கள், பதவியை ஒழிக்கவில்லை. பிழையுள்ள சேவைக்கு மருந்து, திருத்திய சேவைதான். பூட்டிய கோப்பு மருந்தாகாது.

கேள்வி: கரன்ட் போய் வந்தால் எங்கள் இ-சேவை மையத்தில் எல்லாக் கணினியிலும் 169.254 என்று தொடங்கும் எண் வருகிறது. நெட் இல்லை. விண்டோஸையே மாற்றிப் போட வேண்டுமா?
– மைய நடத்துநர், காரைக்கால்

பதில்: பயப்படாதீர்கள், கணினிகள் நலமாக இருக்கின்றன. ‘கேட்டேன், எண் கொடுக்க யாரும் இல்லை’ என்று சேவை சொல்லும் வாசகம் அது. எல்லாக் கணினியும் ஒரே பதிலைச் சொன்னால் கோளாறு கணினியில் இல்லை. ரவுட்டரிலோ அதற்குப் போகும் சுவிட்சிலோ இருக்கிறது. கரன்ட் வந்ததும் கணினி எழுந்து, ரவுட்டர் இன்னும் எழாமலும் இருக்கலாம். ரவுட்டரின் விளக்குகள் நிலைத்தபின் கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கி வையுங்கள். புயல் மாதங்களில் இந்தக் கடற்கரையில் அது அவசியச் செலவு.

கேள்வி: பிரின்டருக்கு நானே 192.168.1.5 என்று எண் வைத்தேன். சில நாள் அச்சு வருகிறது, சில நாள் வருவதில்லை.
– பள்ளி அலுவலர், நெரவி சாலை

பதில்: அதே எண்ணை ரவுட்டர் வேறொரு செல்போனுக்குக் கொடுத்திருக்கும். அதற்குத் தெரியாமல் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், அதன்மேல் குற்றமில்லை. பிரின்டரில் ‘தானியங்கி’ என்று வைத்துவிட்டு, ரவுட்டரின் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ பக்கத்தில் பிரின்டரின் ‘மேக்’ (MAC) வன்பொருள் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்குங்கள். எண் மாறாது, மோதலும் வராது.

கேள்வி: அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த தமிழக அரசு மடிக்கணினி என்னிடம் இருக்கிறது. விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் உண்டு. பழையது. இதில் நெட்வொர்க் கற்க முடியுமா?
– பாலிடெக்னிக் மாணவி, நாகூர்

பதில்: தாராளமாக முடியும், அம்மா. பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது. புதிய கணினியில் கற்கும் அடிப்படைகள் அனைத்தும் அதில் இருக்கின்றன. டெர்மினலைத் திறந்து, ‘டெய்ல்’ கட்டளையால் ‘சிஸ்லாக்’ கோப்பின் வால் பகுதியை ஓடவிடுங்கள். இப்போது ரவுட்டரிலிருந்து வரும் கேபிளைச் செருகுங்கள். ‘டிஸ்கவர்’: யாராவது இருக்கிறீர்களா? ‘ஆஃபர்’: இந்த எண் தருகிறேன். ‘ரிக்வெஸ்ட்’: அதையே எடுத்துக்கொள்கிறேன். ‘ஆக்’: சரி, உனக்குத்தான். நான்கும் வரிசையாக ஓடும். கேபிளைப் பிடுங்கிப் பத்து முறை செருகிப் பாருங்கள். முந்தின எண் நினைவில் இருந்தால் சில முறை நேராக ‘ரிக்வெஸ்ட்’டிலேயே தொடங்கும், ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். ரிசால்வ்.கான்ஃப் கோப்பையும் திறந்து பாருங்கள். படிக்க மட்டும்.