1300 மீட்டரில் முடிந்த கடற்பயணம்: வாசா அருங்காட்சியகம் தரும் பாடங்கள்

ஒரு கப்பல் தன் முதல் பயணத்தில் ஏறத்தாழ 1300 மீட்டர் தூரமே சென்றது. துறைமுகத்தை விட்டு வெளியேறும் முன்பே, கரையில் நின்று வழியனுப்பிக் கொண்டிருந்த மக்களின் கண்ணெதிரே கவிழ்ந்து மூழ்கியது. அந்த நாள் 1628 ஆகஸ்ட் 10. இடம் சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோம். கப்பலின் பெயர் வாசா. புயலோ எதிரியின் குண்டோ அதைக் கவிழ்க்கவில்லை. இலேசான காற்றே போதுமானதாக இருந்தது.

கடந்த கோடை விடுமுறையில், ஸ்டாக்ஹோமில் வசிக்கும் என் தங்கையின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, யூர்கார்டன் தீவில் உள்ள வாசா அருங்காட்சியகத்தை இரண்டு முறை பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அறிவியல் கற்பிக்கும் ஆசிரியராக நான் அங்கே கண்டவற்றையும், பள்ளி திறந்தபின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் அவற்றைப் பயன்படுத்திய விதத்தையும் பகிர்ந்துகொள்கிறேன்.

அருங்காட்சியகத்தில் காண்பவை

அருங்காட்சியகத்தின் கூரைக்கு மேலே மூன்று பாய்மரங்கள் உயர்ந்து நிற்கின்றன. உண்மைக் கப்பலில் பாய்மரங்கள் எவ்வளவு உயரம் இருந்தன என்பதை ஊரே பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் மங்கிய வெளிச்சம். கண் பழகச் சில நொடிகள் ஆகின்றன. அதன்பின் கருத்த ஓக் மரத்தால் ஆன முழுக் கப்பல் எதிரே நிற்கிறது. நீளம் 69 மீட்டர், பாய்மர உச்சி வரை உயரம் 52 மீட்டர். சிங்கங்கள், வீரர்கள், தேவதைகள் என நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்கள் அதில் இருக்கின்றன. நம் கண்முன் நிற்கும் கப்பலில் 98 விழுக்காடு பழைய மரமே. பல தளங்களில் நடைபாதை இருப்பதால், அடிப்பகுதியிலிருந்து மேல்தளம் வரை ஒவ்வொரு மட்டத்திலும் நின்று கப்பலைச் சுற்றிப் பார்க்கலாம். 18 வயது வரை யாருக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பதும், காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் மரத்தைக் காப்பாற்றுவதற்காக. 333 ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்த மரம் அது.

ஏன் மட்கவில்லை?

கப்பல் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு, உப்பு மிகுந்த கடல்நீரில்தான் வாழும். பால்டிக் கடலில் உப்பு குறைவு. ஆகவே அங்கே அப்புழு பிழைப்பதில்லை. வாசா தப்பியதற்கு இது முக்கியமான காரணம். ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் என்பவர் இந்த உண்மையை உணர்ந்து பல ஆண்டுகள் தேடினார். கடலடியிலிருந்து மாதிரி எடுக்கும் ஒரு கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். 1956இல் அதில் கருத்த ஓக் மரத்துண்டு சிக்கியது.

மூழ்குவீரர்கள் 32 மீட்டர் ஆழத்தில், சேற்றில் கப்பலுக்கு அடியே ஆறு சுரங்க வழிகள் தோண்டி எஃகு வடங்களைக் கோத்தார்கள். 1961 ஏப்ரல் 24 அன்று வாசா நீருக்கு மேலே வந்தது. ஈர மரத்தை அப்படியே உலரவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். எனவே மரத்துக்குள் இருந்த நீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற பொருள் புகும்படி, 17 ஆண்டுகள் தொடர்ந்து தெளித்தார்கள். இப்போதுள்ள கட்டடம் 1990இல் திறக்கப்பட்டது. உப்புத்தன்மை, விரவல், உலர்தல் எனப் பாடநூலில் தனித்தனியாக நிற்கும் கருத்துகள் இங்கே ஒரே கதைக்குள் வந்துவிடுகின்றன.

ஏன் கவிழ்ந்தது?

இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் மன்னர் போலந்துடன் போரில் இருந்த காலம் அது. கப்பல் விரைவில் வேண்டும் என்று அரசர் நெருக்கினார். கப்பலில் இரண்டு தளங்களில் கனமான பீரங்கிகள் வரிசையாக வைக்கப்பட்டன. மொத்தம் 64 பீரங்கிகள். மேல்பாகம் உயரமாகவும் கனமாகவும் அமைந்தது. அதைத் தாங்க நீருக்குள் இருக்கும் பாகம் போதுமானதாக இல்லை. அடியில் ஏறத்தாழ 120 டன் கற்கள் பாரமாக நிரப்பப்பட்டிருந்தும் அது ஈடாகவில்லை. மேலும் கற்களைச் சேர்த்திருந்தால் கப்பல் இன்னும் அமிழ்ந்து, கீழ்த்தளப் பீரங்கி வாசல்கள் நீர்மட்டத்தை நெருங்கியிருக்கும்.

அன்று மரியாதைக் குண்டு முழங்குவதற்காக அந்த வாசல்கள் திறந்திருந்தன. பத்துப் பாய்களில் நான்கை மட்டுமே விரித்திருந்தார்கள். முதல் காற்றில் சாய்ந்த கப்பல் சிரமப்பட்டு நிமிர்ந்தது. அடுத்த காற்றில் மீண்டும் சாய்ந்தபோது, திறந்த வாசல்கள் வழியே நீர் புகுந்தது. ஏறத்தாழ 30 பேர் இறந்தனர். பெண்களும் அவர்களில் இருந்தனர். விரிக்கப்படாத ஆறு பாய்கள் மடித்தபடியே கப்பலுக்குள் கிடைத்தன.

வகுப்பறைச் செயல்பாடு 1: ஒரே எடை, வேறு நிலை

ஒன்பதாம் வகுப்பின் 'பாய்மங்கள்' பாடத்தோடு இதைச் செய்தேன். தேவையானவை: குறுகலான பிளாஸ்டிக் டப்பா, அகன்ற தொட்டியில் நீர், பத்து நாணயங்கள், நான்கைந்து காலித் தீப்பெட்டிகள், செலோடேப்.

முதலில் தீப்பெட்டிகளைக் கோபுரமாக ஒட்டி டப்பாவின் நடுவில் நிறுத்த வேண்டும். நாணயங்களை டப்பாவின் அடியில் பரப்பி மிதக்கவிட்டு, டப்பா எவ்வளவு அமிழ்கிறது என்று அளவுகோலால் குறித்துக்கொள்ள வேண்டும். விரலால் மெல்லச் சாய்த்துவிட்டால் டப்பா நிமிர்ந்துகொள்ளும். பிறகு அதே நாணயங்களைக் கோபுரத்தின் உச்சியில் ஒட்டி மிதக்கவிட வேண்டும். அமிழும் அளவு மாறாது. ஆனால் இப்போது மெல்லத் தொட்டாலே டப்பா கவிழக் காத்திருக்கும். எடை மாறவில்லை, எடை இருக்கும் இடம் மாறியிருக்கிறது. ஈர்ப்பு மையம் பற்றி நான் விளக்கத் தொடங்குமுன்பே மாணவர்கள் அதைச் சொல்லிவிட்டார்கள். பேருந்தின் கூரையில் ஆள் ஏற்றக்கூடாது என்பதற்கு இதுவும் காரணமா என்று ஒருவன் கேட்டான்.

வகுப்பறைச் செயல்பாடு 2: எந்த அடி?

கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்துள்ளன. அவற்றில் இரண்டு, 12 அங்குலம் கொண்ட சுவீடன் அடி. மற்ற இரண்டு, 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடி. சுவீடன் தச்சர்களும் டச்சுத் தச்சர்களும் சேர்ந்து வேலை செய்த கப்பல் அது. கப்பலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கனமாக இருப்பதற்கு இந்த அளவு வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆறாம் வகுப்பின் 'அளவீடுகள்' பாடத்துக்கு இது நல்ல தொடக்கம். வகுப்பை இரு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரின் சாண் அளவில் எட்டுச் சாண் நீளத்துக்குக் காகித நாடா வெட்டட்டும். இரண்டு நாடாக்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினால், திட்ட அலகு ஏன் வேண்டும் என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பறைச் செயல்பாடு 3: விசாரணை மன்றம்

என்னை அதிகம் யோசிக்கவைத்த பகுதி இதுதான். பயணத்துக்கு முன்பே கப்பலைச் சோதித்திருக்கிறார்கள். 30 பேர் மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சேர்ந்து ஓடினார்கள். மூன்று முறை ஓடியதும் கப்பல் ஆபத்தாக ஆடியது. கடற்படைத் தளபதி கிளாஸ் ஃபிளெமிங் சோதனையை நிறுத்தச் சொன்னார். கப்பல் புறப்படுவது மட்டும் நிறுத்தப்படவில்லை. அரசரோ அப்போது நாட்டிலேயே இல்லை.

பின்னர் நடந்த விசாரணையில் கப்பல் தலைவர், தான் எல்லாவற்றையும் முறைப்படி செய்ததாகச் சொன்னார். கட்டியவர்கள், அரசர் ஒப்புக்கொண்ட அளவுகளின்படியே கட்டியதாகச் சொன்னார்கள். தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹிபர்ட்சன் முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். இறுதியில் யாரும் தண்டிக்கப்படவில்லை.

எட்டாம் வகுப்பில் மாணவர்கள் தளபதி, கப்பல் தலைவர், தச்சர், ஓடிப்பார்த்த மாலுமி எனப் பாத்திரமேற்று விசாரணை நடத்தினார்கள். "ஆபத்து என்று தெரிந்தவர்கள் ஏன் சொல்லவில்லை?" என்பதே கேள்வி. ஒரு மாணவி, "ராஜா கேட்டது கப்பல் மிஸ். அது ஆடுதுன்னு அவருகிட்ட யாரு போய்ச் சொல்வாங்க?" என்றாள். மற்றொருவன், "சொன்னா நம்மளையே திட்டுவாங்க" என்றான். நான் பதில் ஏதும் சொல்லாமல், "நம்ம பள்ளியில அப்படி யாராவது சொல்லாம வச்சிருக்கிற விஷயம் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

சிறிது நேரம் அமைதி. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "பக்கத்து வகுப்பு ஃபேன் சுவிட்சைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குது மிஸ். ரெண்டு வாரமா." அந்த வகுப்பில் இருப்பவர்கள் ஆறாம் வகுப்புக் குழந்தைகள். உடனே தலைமையாசிரியரிடம் தெரிவித்தோம். அன்றே மின்பணியாளர் வந்து சுவிட்சு பெட்டியை மாற்றினார். சொன்ன மாணவனை மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பாராட்டினார். அடுத்த வாரத்திலேயே, குடிநீர்த் தொட்டியின் மூடி உடைந்திருப்பதை இரண்டு பேர் வந்து சொன்னார்கள்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

இச்செயல்பாடுகளுக்கு மூன்று பாடவேளை போதும். கதையைச் சோதனை நடந்த இடத்தோடு நிறுத்தி, "கப்பல் புறப்படலாமா?" என்று மாணவர்களிடம் வாக்கெடுத்துவிட்டு மீதியைச் சொன்னால் ஆர்வம் கூடும். விசாரணையில் யாரையும் குற்றவாளியாக முடிவுகட்ட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அப்போது என்ன தெரிந்திருந்தது, யாரிடம் சொல்ல முடிந்திருக்கும் என்று இரண்டு பத்திகளாகக் கரும்பலகையில் எழுதவைக்கலாம். நான்காவதாக ஒரு பாடவேளை கிடைத்தால், மாணவர்களோடு பள்ளி வளாகத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். எது ஆடுகிறது, எது உடைந்திருக்கிறது என்று அவர்களே பட்டியல் எழுதட்டும். அந்தப் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.