உயிரணுவின் வாயிலில் ஒரு புரதம்

மனித உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அச்சவ்வில் பலவகைப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றுள் சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்தவை கிளைக்கோபுரதங்கள் எனப்படும். வெளியிலிருந்து வரும் செய்திகளை உயிரணுவின் உள்ளே கொண்டு சேர்ப்பது அவற்றுள் பலவற்றின் பணியாகும்.

‘ஹெர்-2’ அத்தகைய கிளைக்கோபுரதங்களுள் ஒன்று. உயிரணு வளர்ந்து பெருகுவதற்கான கட்டளையை உள்ளே அனுப்ப இது உதவுகிறது. ஆனால், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாகும் அல்லவா? சில மார்பகப் புற்றுநோய்களில் இப்புரதத்தை உருவாக்கும் மரபணு பல படிகளாகப் பெருகிவிடுகிறது. அதனால், உயிரணுவின் மேற்பரப்பில் ஹெர்-2 புரதங்கள் மிகுதியாகத் திரள்கின்றன. ‘வளர்க’ என்னும் கட்டளை ஓயாமல் ஒலிக்கிறது. புற்றுநோயும் விரைந்து பரவுகிறது.

1987-ஆம் ஆண்டு, அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லேமனும் அவருடைய குழுவினரும் 189 மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவற்றுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் இம்மரபணு பெருகியிருந்தது. அத்தகைய நோயாளிகளுக்கு நோய் விரைவில் திரும்பியது. அவர்களது ஆயுளும் குறைந்தது. அக்காலத்தில் ஹெர்-2 மிகுதி என்பது துயரச் செய்தியாகவே இருந்தது.

எனினும், நோயின் பலமே அதன் பலவீனமாகவும் அமைந்தது. உயிரணுவின் வெளிப்புறத்தில் இருப்பதால், இப்புரதத்தை மருந்து எளிதில் சென்றடையலாம். அறிவியலாளர்கள் ஹெர்-2 புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றை முதலில் எலியின் உயிரணுக்களைக் கொண்டு உருவாக்கினர். மனித உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கக்கூடும். ஆதலால், அதன் பற்றும் பகுதியை மட்டும் மனித எதிர்ப்பொருளில் பொருத்தினர். இவ்வாறு பிறந்ததே டிரஸ்டுசுமாப் என்னும் மருந்து. இது வளர்ச்சிக் கட்டளையைத் தடுப்பதோடு, புற்று உயிரணுவை நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அடையாளங்காட்டுகிறது. 1998-இல் அமெரிக்கா இதற்கு அனுமதி வழங்கியது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் இதைப் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2005-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இம்மருந்து எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தாது. எனவே, கட்டியில் ஹெர்-2 மிகுதியாக உள்ளதா என்பதை முதலில் சோதிக்கின்றனர். இது சிலரது இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், சிகிச்சைக் காலத்தில் இதயத்தின் செயல்பாட்டையும் கண்காணிக்கின்றனர். இதன் விலையும் பலருக்கு எட்டாததாக இருந்தது. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

நோயின் காரணத்தை நுணுகி அறிந்ததால், ஒரு காலத்தில் அச்சமூட்டிய சோதனை முடிவு இன்று சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. கண்டறிந்த மருந்து தேவைப்படும் அனைவரையும் சென்றடையும்போதே அம்முயற்சி முழுமை பெறும்.