வேகமெடுத்தால் கார் ‘உய்ங்’ என்கிறதா?

ஆக்சிலேட்டரை மிதித்ததும் கூடவே ஏறும் ‘உய்ங்’ சத்தத்துக்குத் தேய்ந்த பெல்ட்டும் காரணமாக இருக்கலாம், எண்ணெய் வற்றிய கியர் பாக்ஸும் காரணமாக இருக்கலாம். செலவில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. சத்தம் இன்ஜினோடு ஏறுகிறதா, சக்கரத்தோடு ஏறுகிறதா என்று கண்டுபிடித்துவிட்டால் வேண்டாத பாகங்களை மாற்றும் செலவு மிச்சம்.

1. முதலில் ஆடியோவை அணையுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு ஆடியோ இணைப்பில். செல்போனைச் சார்ஜில் போட்டு, ஆக்ஸ் கேபிளில் பாட்டுக் கேட்கும்போது இது அடிக்கடி வரும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மெல்ல மிதியுங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் பெல்ட், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் என்று இன்ஜின் பக்கம் தேடுங்கள். ஓடும்போது மட்டும் வந்தால் கியர் பாக்ஸ், வீல் பேரிங், டயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

3. இன்னும் சந்தேகமா? காலியான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரில் போங்கள். அதே வேகத்தில் நான்காவதுக்கு மாற்றுங்கள். சத்தத்தின் சுருதி இறங்கினால் அது இன்ஜினைச் சேர்ந்தது. மாறாமல் இருந்தால் சக்கரத்தைச் சேர்ந்தது.

4. இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகு பெல்ட்டைப் பாருங்கள். உள்பக்க வரிகளில் குறுக்கே வெடிப்பு, பிய்ந்த ரப்பர், ஓரத்தில் நூல், கண்ணாடி போன்ற பளபளப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பல கார்களில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. வழியில் அறுந்தால் பேட்டரி சார்ஜ் நிற்பதோடு இன்ஜினும் கொதித்துவிடும்.

5. சத்தத்தை அடக்க பெல்ட்டில் எண்ணெய், சோப்பு, கிரீஸ் எதையும் தடவாதீர்கள். கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு ரப்பர் ஊறிக் கெட்டு, முன்னைவிட மோசமாக வழுக்கும்.

6. இன்ஜின் ஓடும்போது, சற்றுத் தள்ளி நின்று பெல்ட்டின் வரிப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீரை ஸ்பிரே செய்யுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. சற்று அடங்கித் திரும்ப வந்தால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. மாற்றமே இல்லையென்றால் பேரிங்குகளைச் சந்தேகப்படலாம். துப்பட்டா, துண்டு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் உள்ளே தொங்கக் கூடாது.

7. ஏசியைப் போட்டு அணைத்துப் பாருங்கள். போட்டதும் சத்தம் கூடினால் கம்ப்ரசர் அல்லது அதன் புல்லி. ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர் இரண்டையும் போட்டதும் கூடினால் ஆல்டர்னேட்டர். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்ட்டிமீட்டர் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். 13க்குக் கீழே நின்றால் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

8. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முனகல் கூடுகிறதா? எண்ணெயில் இயங்கும் பவர் ஸ்டீயரிங் என்றால் டப்பாவில் அளவைப் பாருங்கள். எண்ணெய் நுரைத்திருந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது. எண்ணெயை ஊற்றினால் மட்டும் போதாது, கசிவையும் அடைக்க வேண்டும். இப்போதைய சிறிய கார்கள் பலவற்றில் மின்சார ஸ்டீயரிங்தான். அவற்றில் இந்த டப்பாவே இருக்காது.

9. டீசல், டர்போ பெட்ரோல் கார்களில் மெல்லிய விசில் இயல்பு. விசில் திடீரென்று பெரிதாகி, இழுவை குறைந்து, கரும்புகையும் வந்தால் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். டர்போவையே மாற்றச் சொன்னால், முதலில் ஹோஸ் முழுவதையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸ் பேரிங். மிதித்தால் மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். எல்லாக் கியரிலும் வந்தால் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக், சிவிடி வண்டிகளுக்குக் கையேட்டில் சொன்ன எண்ணெயைத் தவிர வேறு ஊற்றக் கூடாது.

11. வேகத்தோடு ஏறும் ‘ங்ஙொய்ங்’ சத்தம், வலப்பக்கம் வளையும்போது கூடினால் பெரும்பாலும் இடப்பக்க வீல் பேரிங். பாரம் அந்தப் பக்கம் சாய்வதுதான் காரணம். ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். கெட்ட பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒரு நறநறப்பு கைக்குத் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தார்ச் சாலையில் ஒரு மாதிரியும் சிமென்ட் சாலையில் வேறு மாதிரியும் கேட்டால் அது டயர் சத்தம்.

12. ரிவர்ஸில் மட்டும் வரும் ‘உய்ங்’ பற்றிக் கவலை வேண்டாம். பல கார்களில் ரிவர்ஸ் கியரின் பற்கள் நேராக வெட்டப்பட்டிருப்பதால் அப்படித்தான் கேட்கும். மின்சாரக் கார்களில் வேகமெடுக்கும்போது வரும் மெல்லிய இரைச்சலும் இயல்பே.

13. பேட்டரி விளக்கு எரிந்தாலோ, வெப்பமானி முள் ஏறினாலோ, சக்கரம் ஆடினாலோ ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். அதற்குமேல் ஓட்டாமல் டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் நல்லது.

14. மெக்கானிக்கிடம் “சத்தம் வருது” என்று மட்டும் சொல்லாதீர்கள். “நின்ற இடத்தில் வருது, ஏசி போட்டால் கூடுது” என்று சொல்லி, செல்போனில் பதிவு செய்ததையும் போட்டுக் காட்டுங்கள். ஓடும்போது மட்டும் வரும் சத்தம் என்றால் அவரையே பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போய்வாருங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.