மாவட்டத்தின் பேரில் கிடைத்த இடம்

வவுனியா

அன்புள்ள பிள்ளைக்கு,

மருத்துவபீடத்துக்கு எடுபட்டுவிட்டாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. படிப்பு முடிந்த கையோடு வெளிநாடு போவதென்று இப்போதே வீட்டில் கதைக்கிறீர்களாம். அதை முடிவாக்க முதல், நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய ஒரு விசயத்தை யோசித்துப் பார்.

1880 இல் கேம்பிரிட்ஜ் பரீட்சை இலங்கைக்கு வந்தது. வினாத்தாள் இங்கிலாந்தில் தயாராகும்; எழுதிய விடைத்தாள்கள் கட்டி முத்திரையிட்டுக் கப்பலில் அங்கேயே திரும்பிப் போகும். இங்குள்ள குளத்தையும் காய்ச்சலையும் அறிந்த ஒருவரும் அந்தத் தாளைத் திருத்தவில்லை. ஆங்கிலச் சான்றிதழோடு வெளியேறிய யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய காசில் ஊரில் கல்வீடுகள் எழும்பின. அதே காலத்து வன்னியை அரச அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட கையேட்டில் காணலாம்: பாழடைந்த குளங்கள், காய்ச்சல், சனம் குறைந்த ஊர்கள். வெளியே போவதற்கென்றே அமைந்த படிப்பு, பள்ளிக்கூடமே அரிதாயிருந்த இடத்துக்கு எதைக் கொண்டுவந்திருக்கும்?

படித்தவர்கள் இப்படி ஊரைவிட்டுப் போவார்கள் என்பதை முன்கூட்டியே கண்டவர் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரச சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் ஊரோடு இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். சத்திர சிகிச்சைக்கு ‘இரணவைத்தியம்’, உடற்கூற்றுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று பாடநூல்களும் வந்தன. அவர் 1873 இல் நாடு திரும்பிய பின் அந்த ஏற்பாடு நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆகவே தமிழில் மட்டும் படி என்று உனக்குச் சொல்லமாட்டேன். உலகத்து மருத்துவத்தை ஆங்கிலத்தில்தான் நீ தொடரவேண்டியிருக்கும். ஆனால் நோயாளியை நினைத்துப் பாடத்தை அமைத்தாரே, அது சரியான வழி. நெஞ்சு குத்துதா, உளையுதா, எரியுதா என்று மல்லாவியில் ஒரு கிழவியிடம் கேட்டு, பதிலின் வித்தியாசத்தைப் பிடிக்கத் தெரிந்த வைத்தியர் பாதி நோயை அங்கேயே கண்டுபிடிப்பார்.

‘திறமையால் கிடைத்த இடம், எங்கே போவதென்பது என் விருப்பம்’ என்று நீ சொல்லலாம். திறமையை நான் குறைக்கவில்லை. ஆனாலும் பல்கலைக்கழக அனுமதியில் தேசிய திறமை வரிசைக்கு 40 வீதம்தான். 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போகிறது. மிச்ச 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு, முல்லைத்தீவும் அதிலொன்று. அந்த முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளியில்தான் உனக்கு அனுமதி வந்தது. இந்தச் சனத்தின் இல்லாமை கணக்கில் எடுக்கப்பட்டுத்தான் அந்தக் கதவு திறந்தது.

இதைவிடக் கனமான கேள்வி அம்மாவின் கையில் இருக்கிறது. அடைவில் இருக்கும் நகைக்கு வட்டி ஏறுகிறது, உழைப்பு வேண்டும். மலாயாவுக்குப் போனவர்களையும் நான் பழிக்கவில்லை. பசியோடு யாரும் தத்துவம் பேச முடியாது. ஆனால் அரச வைத்தியரின் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்கலாம், சில வருசம் பிடிக்கும், அவ்வளவுதான். மேற்படிப்புக்கு வெளிநாடு போவதும் தப்பில்லை. உள்ளகப் பயிற்சி முடிந்து நியமனப் பட்டியல் வரும்போது மாங்குளம், மல்லாவி, மாஞ்சோலை வைத்தியசாலைகளில் எங்கே வெற்றிடம் இருக்கிறதென்று முதலில் பார். முதல் சில வருசத்தை அங்கே கொடு. அம்மாவோடு இதைக் கதைத்துவிட்டு எனக்கு எழுது. கடன் கணக்கையும் சேர்த்து அனுப்பு, இருந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா