ஹூடியில் அடித்த அச்சு உரியாமல் இருக்க...

கல்லூரித் துறைக்கோ நண்பர் குழுவுக்கோ மொத்தமாக ஹூடி அடிக்க நினைக்கும் வேலூர், ஆம்பூர் பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, துணியை. வெளிப்பக்கம் முழுப் பருத்தியாக உள்ள ஃபிளீஸ் துணிதான் நல்லது. பாலியஸ்டர் கலந்த சிவப்பு, மெரூன் துணியில் வெள்ளை மை அடித்தால், சில நாளில் துணியின் சாயம் ஏறி எழுத்து ரோஸ் நிறமாகிவிடும். அந்தத் துணிதான் வேண்டுமென்றால், சாயம் ஏறாத 'லோ பிளீட்' மை கேளுங்கள்.

ஜிப் வைத்த ஹூடிக்கு, திருப்பூரில் செய்வதுபோல், தைப்பதற்கு முன்பே வெட்டிய துண்டில் அச்சடிப்பது உத்தமம். தைத்தபின் அடித்தால் ஜிப்பும் பையின் ஓரமும் மேடாக நிற்கும். அச்சடிக்கும் ஸ்கிரீன் சமமாக உட்காராது, மை திட்டுத்திட்டாக விழும். ரெடிமேட் ஹூடி என்றால் முதுகிலோ இடது மார்பிலோ, தையலிலிருந்து இரண்டு விரல் தள்ளி அடிக்கச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிசால் எனும் அச்சு மை பொதுவாக 160 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் முழுதாக இறுகும். தடித்த ஃபிளீஸ் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால், தொட்டால் காய்ந்திருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஆறியபின் அச்சை இரு கையாலும் லேசாக இழுங்கள். வெடிப்பு விட்டால் சூடு போதவில்லை.

துவைக்கும்போது உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில். அச்சின் மேல் இஸ்திரி வேண்டாம்.

ஒரு மாதிரியை வாங்கி மூன்று முறை துவைத்துப் பார்த்த பிறகே முழு ஆர்டருக்குச் சம்மதம் சொல்லுங்கள்.