பச்சைப் பூ வேணுமா? ஹைட்ரேஞ்சியாவுக்குச் சில குறிப்புகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு ஹைட்ரேஞ்சியா புதிதில்லை; வேலியோரம் நீலமும் ரோஸுமாகப் பந்து பந்தாகப் பூத்து நிற்கும். அதே செடியிலிருந்து அழகான பச்சைப் பூவும் எடுக்கலாம் தோழிகளே, காசே செலவில்லாமல்!

1. பூ நிறம் மங்கியதும் வெட்டி எறிந்துவிடாதீர்கள். நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லி இதழ்தான். முதிர முதிர அதில் பச்சையம் ஏறும். ரோஸ் பூ ஓரம் சிவந்த பச்சையாகவும், நீலப் பூ கடல் பச்சையாகவும் மாறும்.

2. காலை வெயில் பட்டு, மதியம் நிழல் விழுகிற இடம்தான் இதற்கு ஏற்றது. நாள் முழுக்க வெயிலில் காயும் கொத்து சிவந்துபோகும். வீட்டின் கிழக்குச் சுவரோரம் வைத்தால் பச்சை நன்றாக வரும்.

3. எப்போது பறிப்பது என்பதற்கு விரல்தான் அளவு. தொட்டால் மெல்லிய காகிதம் மாதிரி சரசரக்க வேண்டும். மெத்தென்று ஈரமாக இருந்தால் இன்னும் சில நாள் விடுங்கள். அவசரப்பட்டுப் பறித்தால் சுருண்டுவிடும்.

4. பறிக்கும்போது கொஞ்சம் கவனம். பூவுக்குக் கீழே தண்டைப் பார்த்துக்கொண்டே வாருங்கள், இலைக்காம்பின் கக்கத்தில் எதிரெதிராக இரண்டு கொழுத்த மொட்டுகள் தெரியும்; அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். வழக்கமான மலைச்செடி பழைய கிளையில்தான் பூக்கும், ஆகவே பூச்சாடிக்கு நீளத் தண்டு வேண்டுமென்று கீழே வெட்டினால் அடுத்த வருஷப் பூ போச்சு.

5. புதுச்செடி வாங்குவதாக இருந்தால் லைம்லைட், அன்னபெல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். லைம்லைட் எலுமிச்சைப் பச்சையாகவே விரியும். அன்னபெல் பச்சையில் தொடங்கி, வெளுத்து, மறுபடி பச்சைக்கு வரும். இரண்டும் புதுக்கிளையில் பூப்பவை என்பதால் குளிர்காலக் கடைசியில் தாராளமாக வெட்டிவிடலாம்.

6. படிகாரம் போட்டு மண்ணைப் புளிப்பாக்கினால் ரோஸ் பூ நீலமாகும் என்பது சாதாரணச் செடிக்குத்தான். லைம்லைட்டும் அன்னபெல்லும் இதற்கெல்லாம் நிறம் மாறாது, காசை வீணாக்க வேண்டாம்.

7. மத்தியான வெயிலில் இலை தொங்கினால் உடனே தண்ணீர்க் குடத்தைத் தூக்காதீர்கள். சாயங்காலம் பாருங்கள், தானே நிமிர்ந்திருந்தால் ஈரம் போதும். வேர் மேலாகவே ஓடும் செடி இது. அடியில் சருகைக் கனமாகப் பரப்பிவிட்டால் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறையும்.

8. யூரியாவை அள்ளிப் போட்டால் இலை மட்டும் தளதளவென்று வரும், பூ வராது. மக்கிய சாணமும் சமையலறைக் கழிவு உரமுமே தாராளம்.

9. உறைபனி விழும் இரவுகளில் பழைய பெட்ஷீட்டைச் செடிமேல் போர்த்திவிட்டு, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். காப்பாற்ற வேண்டியது இலையை அல்ல, அந்தக் கொழுத்த மொட்டுகளை.

10. பக்கத்து வீட்டுச் செடி பிடித்திருக்கிறதா? பூக்காத கிளையில் ஒரு சாண் நீளம் கேட்டு வாங்கி, கீழ் இலைகளைக் கிள்ளி, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி ஈர மணலில் ஊன்றுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் ஒரு மாதத்துக்குள் வேர் பிடிக்கும்.

11. சாடியில் வைத்த புதுப்பூ வாடிவிட்டால் முழுக்கொத்தையும் ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வையுங்கள். பூவே தண்ணீர் குடித்து எழுந்துவிடும். பிறகு தண்டின் நுனியைப் புதிதாக வெட்டி, படிகாரத் தூளில் தொட்டுச் சாடியில் வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும்.

12. உலர்த்த, சாடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு முதிர்ந்த கொத்தை வைத்து மறந்துவிடுங்கள். தண்ணீர் வற்ற வற்ற அதுவும் மெல்லக் காய்ந்து, மாதக்கணக்கில் பச்சை கலையாமல் இருக்கும். வெயில் விழும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.

13. மொட்டிலிருந்தே பூ பச்சையாகி, நடுவிலிருந்து குட்டிக் குட்டி இலை முளைத்து, செடியும் குறுகினால் அது அழகல்ல, நோய். அதில் பதியன் எடுக்காமல் வேரோடு பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மற்ற செடிக்கும் பரவும்.

14. இந்தச் செடி முழுக்கவே நச்சு. சாப்பாட்டுத் தட்டை இந்தப் பூவால் அலங்கரிக்காதீர்கள். வெட்டிய கிளைகளை ஆடு, மாடு, நாய் வாய் வைக்காத இடத்தில் போடுங்கள், குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.